செவ்வாய், மூன்றிலிருந்து நாலேகால்

ஒன்பது பேருடைய நேரம் என் திரையில் கிடக்கிறது.
நீலம், இயக்குநர் இயோ. பச்சை, விற்பனைப் பிரிவு.
மஞ்சள், பதினேழாம் மாடிக் கூட்ட அறை.
ஆரஞ்சு, யாருக்கும் நினைவில்லாத ஏதோ ஒரு செயற்குழு.
ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மோனோரயில் போகும்போது
எல்லா நிறமும் ஒருமுறை நடுங்கும்.

நடுநடுவே சாம்பல் கட்டங்கள்,
மூலையில் அரிசி அளவுப் பூட்டு.
உள்ளே என்ன இருந்தாலும்
வெளியே ஒரே சொல்தான்: பிஸி.
பல் பிடுங்கினாலும் பிஸி,
விவாகரத்து வக்கீலைப் பார்த்தாலும் பிஸி,
கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் அழுதாலும் பிஸி.
இத்தனை நாகரிகமாக
மனிதர் யாரும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

இயோவுக்குச் செவ்வாய்தோறும் ஒரு சாம்பல்,
மூன்றிலிருந்து நாலேகால்.
கோல்ஃப் என்றாள் கணக்குப் பிரிவு நோர்லிசா.
பெண் என்றது விற்பனைப் பிரிவு.
கீழே நிற்கும் நேப்பாளக் காவலர் மட்டும்
குடை எடுத்துக்கொண்டு போவார் என்றார்.
நானும் ஒன்று நினைத்திருந்தேன்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச்சில் கணினிகளை மாற்றினார்கள்.
ஹஃபிஸ் வந்து அனுமதிகளைத் திரும்ப ஏற்றினான்:
பார்க்கலாம், திருத்தலாம்,
அவர் சார்பில் பதில் எழுதலாம்.
எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி,
தனிப்பட்டவற்றையும் இவர் பார்க்கலாம்.
மதிய உணவுக்கு முந்திய அவசரத்தில்
அதிலும் ஒரு டிக்.

மறுநாள் பசியாறிவிட்டு வந்து திறந்தேன்.
சாம்பலுக்குள் எழுத்து இருந்தது.

செராஸ் இல்லம். அம்மா.
நகவெட்டி, பழையதுதான், புதியது வலிக்கிறதாம்.
ஆரஞ்சு வேண்டாம், சர்க்கரை ஏறும்.
யார் என்று கேட்டால் தம்பி பெயரைச் சொல்.

நான்கு வரி.
படிக்காமல் விட்டிருக்கலாம்தான்.
எழுத்துப் பழகிய கண்ணுக்கு அந்த வித்தை தெரியாது.

அந்த வாரம் என்னைக் கடிந்துகொண்டார்,
சிங்கப்பூர் அழைப்பை ஏன் வெள்ளிக்குத் தள்ளினாய் என்று.
வழக்கமாக நானும் ஒரு சொல் திருப்பிச் சொல்வேன்.
அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.
கையெழுத்தைப் பாதியில் நிறுத்தி
நிமிர்ந்து பார்த்தார்.
தெரியாதவளின் முகம்
இனி என்னிடம் இல்லை.

ஹஃபிஸைக் கூப்பிட்டு, அந்த டிக்கை எடுத்துவிடு என்றேன்.
அக்கா, கூடக் கொடு என்றுதான் வருவார்கள்,
குறை என்று வந்தது நீங்கள்தான் என்று சிரித்தான்.
படிவத்தில் காரணம் கேட்டிருந்தது.
வேலைக்குத் தேவையில்லை என்று எழுதினேன்.
பெரும்பாலும் உண்மை.

பூட்டு திரும்பி வந்தது.
நான்கு வரியும் என்னிடமே இருக்கின்றன.
அதற்கு ஹஃபிஸிடம் படிவம் கிடையாது.

இப்போதெல்லாம் செவ்வாயன்று
எந்தக் கூட்டமும் இரண்டு நாற்பதைத் தாண்டுவதில்லை.
மழை பிடித்தால் செராஸ் சாலை அசையாது.
ஒரு டத்தோ நேரிலேயே வந்து
மூன்று மணிதான் வேண்டுமென்று நின்றார்.
பிஸி என்றேன்,
அரிசி அளவு வாயைத் திறந்து.

போன வாரம் நானும் ஒரு சாம்பல் போட்டேன்.
புதன், ஐந்து மணி, பூட்டுடன்.
என் நாட்காட்டி அவருக்கும் திறந்ததுதான்;
அவர் பக்கத்துப் பெட்டியில்
டிக் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

புதன் ஐந்து மணிக்குத் தணிக்கையாளர்கள் வரலாமா, தவமலர்
என்று கேட்டுக்கொண்டே வந்தவர்
திரையைப் பார்த்தார்.
ஓ, பிஸி. வியாழன் பார்ப்போம்.

முகத்தில் ஒன்றுமே இல்லை.
எதுவும் தெரியாத முகம்.
எத்தனை செவ்வாய்க்கிழமைகள் பழகியிருக்க வேண்டும்
அதற்கு.